ஈரத்தை மறைத்து விற்கலாமா?

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டுக் கண்டித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரையும் மெருகேற்றிப் புதிதுபோல் நிறுத்தலாம்; ஓடிய கிலோமீட்டரையும் குறைத்துக் காட்டலாம். ஆகவே மாதனூரிலிருந்து சென்னை, பெங்களூர் சென்று பழைய கார் வாங்கும் சகோதரர்கள் கால்விரிப்பைத் தூக்கி, அடியில் சேறோ துருவோ உண்டா எனப் பார்க்கவேண்டும். சர்வீஸ் பதிவு, இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு பெற்ற விவரம், ஆர்.ஸி.யில் கடன் குறிப்பு ஆகியவற்றையும் விசாரிக்கவேண்டும்.

கேளாவிட்டாலும் ஐபைச் சொல்வது விற்பவர் கடமை. மறைந்திருந்த பழைய ஐபு பின்னர் தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு ஷரீஅத்தில் உண்டு. உண்மை சொல்லி விற்ற பணத்தில்தான் பரக்கத் இருக்கிறது.