நிக்காஹ் தப்தரும் சர்க்கார் பதிவும்



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கலியாணப் பதிவு விஷயமாக ஒரு பாடம் எழுதித் தரும்படி நமது காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் ஆலிமும் அல்ல, வக்கீலும் அல்ல. ஊர் மதரஸாவில் ஓதி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இன்று பூன் லேயில் மளிகைக் கடை வைத்திருப்பவன். ஆயினும் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

என் கடைக்கு நெடுநாள் வாடிக்கையாயிருந்த பெரியவர் ஒருவர் இங்கே மௌத்தானார். தஞ்சாவூர்ச் சீமைக்காரர். நம்மவரில் அநேகரைப் போல் அவரும் மனைவியை ஊரிலேயே வைத்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போய் வந்து காலத்தைக் கழித்தவர். பாங்கியில் கொஞ்சம் பணம் இருந்தது. மகன் ஒரு நாள் கடைக்கு வந்து, “நானா, வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு உம்மாவின் கலியாணச் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லையே” என்று கலங்கி நின்றான்.

முஸ்லிம் ஒருவர் சிங்கப்பூரில் சொத்து விட்டுப் போனால், பராயிள் முறைப்படி யார் யாருக்கு எத்தனை பங்கு என்று ஷரீஅத் நீதிமன்றம் வாரிசு சர்ட்டிபிகேட் தருகிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அந்தப் பங்கு கிடைக்க வேண்டுமானால் அவர் மனைவிதான் என்று முதலில் ரூபிக்க வேண்டும் அல்லவா? ஊருக்கு டெலிபோன் செய்தோம். “ஐம்பது வருஷம் அவர் பேரைச் சொல்லி வாழ்ந்தேன். இப்ப நான் யாருன்னு காகிதம் கேக்கிறாங்களே, தம்பி” என்று அந்தப் பெரியம்மா என்னிடம் சொன்னார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மகன் ஊருக்குப் போனான். பள்ளிவாசல் தப்தரில் 1972-ஆம் வருஷம் முழுதும் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகுதான் விஷயம் விளங்கிற்று. பழைய லெப்பை அவர்கள் தப்தரை அரபுத் தமிழில், ஹிஜ்ரி கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். 1391 ஷவ்வால் பக்கத்தில் நிக்காஹ் இருந்தது. இங்கிலீஷ் கணக்குக்கு அது 1971 கடைசி. குடும்பத்தார் வாயால் சொல்லிவந்த வருஷம் தவறு. போதாததற்கு மாப்பிள்ளை பெயர் தப்தரில் ஒருவிதம், இங்கே அடையாளக் கார்டில் ஒருவிதம். ‘முஹம்மது’ என்ற ஒரு பெயரை இங்கிலீஷில் எழுதுவதற்கு எத்தனை குமாஸ்தாக்களோ அத்தனை விதம்! ஜமாஅத்தாரின் நகல், மொழிபெயர்ப்பு, நோட்டரி, உயிரோடிருந்த ஒரு சாட்சியின் சத்தியக் கடுதாசி, இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு இன்னொரு கடுதாசி என்று ஏழு மாதம் ஓடிற்று. எட்டணாக் கடனுக்கும் சிட்டை எழுதுகிற நாம், வீட்டுப் பெண்ணின் கணக்கை மட்டும் பிறர் ஞாபகத்தில் விட்டுவிடுகிறோம்.

இனிப் பாடம்.

அமெரிக்காவில் முதலில் அந்தந்தக் கவுண்டிக் கச்சேரியில் லைசென்ஸ் வாங்கி, பிறகு கலியாணம் முடித்து, கையெழுத்திட்ட காகிதத்தை அதே கச்சேரிக்குத் திருப்பி அனுப்புவார்களாம். நமக்குள்ள ஏற்பாடு வேறு. முஸ்லிம் கலியாணத்துக்கும் ஷரீஅத் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தலாக், பஸ்கு முதலிய வழக்குகளும் வாரிசு சர்ட்டிபிகேட்டும் கோர்ட்டில். நிக்காஹ் பதிவோ முஸ்லிம் திருமணப் பதிவகத்தில். மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயிருந்தால் அங்கே. ஒருவர் முஸ்லிம் அல்லவென்றால் மற்றச் சமூகத்தாருக்குரிய பதிவகத்தில்.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. இங்கே 1880-இல் முகமதியர் விவாகச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் இஷ்டப்பட்டவர் மட்டும் பதிந்துகொண்டார்கள். பின்னால் அது கட்டாயமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலும் காஜிகள் சட்டம் அதே 1880-இல்தான் பிறந்தது. ஆனால் நிக்காஹ் நிறைவேற காஜி வந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டபடியால், நம் ஊர்களில் பள்ளிவாசல் தப்தரே போதும் என்று நாலு தலைமுறை ஓடிவிட்டது. சிங்கப்பூரில் 1957-இல் முஸ்லிம்கள் சட்டம், 1958-இல் ஷரீஅத் கோர்ட், 1966-இல் நிறைவேறி 1968-இல் அமலுக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் என்று படிப்படியாய் வளர்ந்தது. முன்பெல்லாம் காதிமார்கள் அவரவர் இடத்தில் ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு பதிவார்கள். பதிவகம் என்று ஓர் இடமாக அமைந்தது 1978-இல். ஆகையால் உங்கள் வாப்பா காலத்து நிக்காஹ் இந்த ஊரில் நடந்திருந்தால், எந்தக் காதி என்று தேடி அலைய வேண்டாம். பதிவகத்திலேயே மனுக்கொடுத்துத் தேடச் சொல்லலாம். மணமக்கள் பெயர், அடையாளக் கார்டு எண், உத்தேசமாகவாவது வருஷம் வேண்டும். தலாக் பதிவு தேவையானால் கோர்ட்டில் கேட்கவேண்டும்.

இங்கே நிக்காஹ் செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மனு இப்போது இணையத்தில்தான். பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யுங்கள். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; பெண்ணுக்கு 16 போதும் என்றிருந்தது 2008-இல் மாறிவிட்டது. 21 நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் திருமண முன்பயிற்சியும் வேண்டும். மனுவில் ‘மாஸ் காவின்’ என்று கேட்டிருப்பது நமது மஹர்தான். மலாய் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் வரிசைப் பணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மஹர் கட்டத்தில் பெரிய தொகையை எழுதிவிட்டுப் பிறகு விழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். மஹர் பெண்ணுக்குரிய கடன். எழுதிய தொகையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வலீ விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. ராவுத்தர்மார் ஹனபி, மரக்காயர்மார் ஷாபி. பருவமடைந்த பெண் வலீ இல்லாமலே நிக்காஹ் செய்துகொள்ளலாம் என்று ஹனபி மத்ஹபில் உண்டென்பதைப் பிடித்துக்கொண்டு இங்கே வாதாடிப் பயனில்லை. பெண்ணின் வலீ தாமே ஒப்பந்தம் செய்துவைக்கலாம். அல்லது அவர் கேட்டுக்கொண்டபடி காதியோ நாயிப் காதியோ செய்துவைக்கலாம். வலீ ஊரிலிருந்தால் அங்கிருந்தே வகாலத்து எழுதி அனுப்பலாம். ஆனால் அதைக் கடைசி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வலீயே இல்லாவிட்டால், அல்லது நியாயமின்றி மறுத்தால், காதி வலீ ஹாக்கிமாக நிற்பார். இரண்டாம் தாரம் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே காதியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இதையெல்லாம் தவிர்க்கப் பாத்தாமுக்குக் கப்பலேறி யாரோ ஒருவரை வைத்து முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் நிக்காஹ் செல்லாததாகி விடாது என்று சட்டமே சொல்லுகிறது, வாஸ்தவம். ஆனால் செல்லும் என்று யார் வந்து சாட்சி சொல்வது? அந்தப் பெரியம்மாவுக்காவது தப்தர் ஒன்று இருந்தது.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்கள் இங்கத்திய குடியுரிமைக்காரரையோ நிரந்தரவாசியையோ மணக்க உத்தேசித்தால், மனிதவள அமைச்சின் அனுமதியை முதலில் பெற வேண்டும். மீறினால் திரும்ப வர வழியில்லாமல் போகலாம்.

ஊரில் நிக்காஹ் நடக்குமானால், தப்தரோடு நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி எல்லா மதத்தாரும் சார்பதிவாளர் கச்சேரியில் 90 நாளைக்குள் பதிய வேண்டும். தவறினால் அபராதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தவணை உண்டு. நம்மவர் லீவு ஒரு மாதம். கலியாண விருந்துக்கும் மறுவீட்டுக்கும் அது சரியாய்ப் போய்விடுகிறது. ஆகையால் நிக்காஹ் முடிந்த முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு இந்தியாவிலேயே அப்போஸ்டில் முத்திரை பெற்று வாருங்கள். இந்தியா 2005-லும் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டபடியால், தூதரகப் படியேறும் பழைய தொல்லை குறைந்திருக்கிறது. இங்கே வாங்கிய சர்ட்டிபிகேட்டை ஊரில் காட்ட வேண்டுமானால், சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் முத்திரை பெறலாம்.

இன்னொன்று. கலியாணமானதும், முன்னே சேமநிதிக்கு நீங்கள் எழுதிவைத்த நாமினேஷன் ரத்தாகிவிடும். உம்மா பேருக்கு எழுதியிருந்தேனே என்று சும்மா இருந்துவிடாமல் புதிதாய் எழுதுங்கள்.

அந்தப் பெரியம்மாவின் பங்கு சென்ற ரமலானுக்கு முன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தப்தர் பக்கத்தின் நகலில் ஒரு பிரதியை மகன் என் கடையில் கொடுத்து வைத்திருக்கிறான். என் நிக்காஹ் தாளும் அதே மேஜைப் பெட்டியில்தான் இருக்கிறது. சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது சரிசெய்ய வேண்டும்.