இலத்திரனியல் தராசு: பிழையறிதலும் திருத்தமும்



இக்காலத்தில் நெல், வெங்காய மூடைகள் பெரும்பாலும் இலத்திரனியல் தட்டுத் தராசிலேயே நிறுக்கப்படுகின்றன. மூடைக்கு அரைக் கிலோ குறைத்துக் காட்டும் தராசு 100 மூடையில் 50 கிலோ நெல்லை விழுங்கிவிடும். ஆகவே உங்கள் களத்திலுள்ள தராசைச் சோதிக்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று.

தட்டின் கீழே சுமையுணரி எனப்படும் உலோகத் துண்டு உண்டு. சுமை ஏறும்போது அது கண்ணுக்குப் புலப்படாத அளவில் வளைகின்றது. அவ்வளைவையே பெட்டி நிறையாக மாற்றி இலக்கத்திற் காட்டுகின்றது. தட்டு தடையின்றி இயங்காவிடின் இலக்கமும் பிழைக்கும்.

தராசு பிழையெனத் தோன்றியதும் திருத்தப் பொத்தானை நாடுவோர் பலர். அது கடைசியிற் செய்யவேண்டிய வேலை. முதலில் நான்கு கால்களும் உறுதியான தரையில் நிற்கின்றனவா, மட்டக்குமிழி நடுவில் உள்ளதா எனப் பார்க்க. பின் தட்டைக் கழற்றி அடியிலுள்ள நெல், மண், சாக்கு நூல் யாவற்றையும் துடைத்தெடுக்க. களத்துத் தராசுகளிற் காணும் பிழைகளிற் பெரும்பகுதி இங்கேதான் உள்ளது. எலி கடித்த வயரையும் கவனிக்க. பற்றரியை முற்றாக மின்னேற்றி, தராசை இயக்கிக் கால் மணி நேரம் விட்டபின்பே சோதனையைத் தொடங்குக. காற்று வீசும் வெளியில் இலக்கம் நிலையாது.

இனி 20 கிலோப் படிகள் மூன்றைப் பெற்றுக்கொள்க. பசளை மூடையைப் படியாகக் கொள்ளற்க. அதில் அச்சிட்ட நிறையில் சாக்கு சேராது. ஒரு படியை நடுவிலும், பின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க. ஒரு மூலை மட்டும் வேறுபடின் சுமையுணரியிலோ அதன் பொருத்திலோ பழுதுண்டு. அதனைத் திருத்துநரிடம் விடுக.

மூலைகள் ஒத்திருப்பின், மூன்று படிகளையும் வைத்து 60 கிலோ காட்டுகிறதா எனப் பார்க்க. அவற்றை இறக்கி, அதே இலக்கம் வரும்வரை சாக்கில் நெல் இட்டுத் தட்டில் வைக்க. அதன்மேல் மீண்டும் படிகளை ஏற்றினால் முன்னைய இலக்கத்தின் இருமடங்கு வரவேண்டும். 60 கிலோவிற் சரியாகவும் 120 கிலோவிற் குறைவாகவும் காட்டுமாயின், பாரத்தில் தட்டு சட்டத்தையோ தடுப்புப் போல்ற்றையோ தொடுகின்றது. எவ்வளவு திருத்தம் செய்தாலும் அத்தராசு சரிவராது, போல்ற்றைத் தாழ்த்துக.

எல்லா நிறையிலும் ஒரே விகிதத்திற் பிழை வந்தால் மட்டுமே திருத்தம் பயன்தரும். வெறுந்தட்டிற் பூச்சியத்தைப் பதித்து, பின் தராசின் கொள்ளளவிற் பாதிக்குக் குறையாத படிகளை ஏற்றி, கைந்நூலிற் கூறியவாறு அந்நிறையைப் பதிக்க. 150 கிலோத் தராசுக்கு மூன்று படிகள் போதா, நான்கு வேண்டும். பின்னர் முழுச் சோதனையையும் மறுபடி செய்க.

இவை யாவும் வீட்டுத் தராசுக்கே பொருந்தும். வியாபாரத் தராசு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்துக்கு உட்பட்டது. அதன் முத்திரையை நீங்களோ வியாபாரியோ உடைத்தல் ஆகாது. ஐயமுண்டாயின், விற்குமுன் இரண்டு மூடைகளை உங்கள் தராசில் நிறுத்து, நிறையைச் சாக்கிலேயே எழுதி, அவற்றை முதலில் வியாபாரியின் தராசில் ஏற்றச் சொல்லுக. வேறுபாடு காணின் மற்றைய மூடைகளை ஏற்றாது நிறுத்தி, பிரதேச செயலகத்தில் அளவை நிறுவைப் பரிசோதகரைப் பற்றி விசாரித்து அவருக்கு அறிவிக்க.