வேகப் படகு தேடும் மகளுக்கு

மகளே, நெடும்பயணத்துக்கும் ஆகிற, வேகமாகவும் ஓடுகிற பாய்மரப் படகு ஒன்றைத் தேடுகிறாய் என்று அறிந்தேன். மகிழ்ச்சி. இந்த வகைப் படகு, வைத்திருப்பவரின் குணத்தை மறைக்காமல் காட்டிவிடும். அதனால் படகைப் பற்றிச் சொல்வதோடு உன்னைப் பற்றியும் சொல்கிறேன்.

1. எல்லை தெரிந்து ஆசைப்படு. ஓடும் படகின் முன்முனையான அணியத்தில் ஓர் அலையும் பின்முனையான அமரத்தில் ஓர் அலையும் எழும். நடுவிலுள்ள பள்ளத்தை விட்டுப் படகு எளிதில் ஏறாது. நீர்க்கோட்டு நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் கிடைக்கும். 36 அடிக்கு ஏறத்தாழ 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல். எடை குறைந்து, அடி தட்டையாக உள்ள படகு, பின்காற்றில் அலைச்சரிவில் வழுக்கி அதையும் தாண்டும். அதை நம்பி, கரை சேரும் நேரத்தை வீட்டுக்குச் சொல்லிவிடாதே.

2. சாமான்களை விட்டுவிட்டுப் போகப் பழகு. இதையே முதலில் சொல்லியிருக்கலாம், அவ்வளவு முக்கியம். பாய்ப்பரப்பையும் எடையையும் ஒப்பிடும் விகிதம் 16 முதல் 20 வரை இருந்தால் இந்த வகைப் படகு என்பார்கள். விற்பவர் தரும் தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. தண்ணீர், டீசல், சங்கிலி, பேட்டரி, ரப்பர்ப் படகு எல்லாம் ஏறியபின் அந்த விகிதம் இறங்கிவிடும். துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளின் அமரத்தைப் பார். நீர்க்கோட்டுப் பட்டை தண்ணீருக்குள் முழுகி, அதற்கு மேலுள்ள வெள்ளைப் பூச்சில் பாசி ஏறியிருக்கும். உள்ளே பெட்டிகளைத் திறந்தால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்த்தவைதான் நிறைந்திருக்கும். மருந்திலும் தண்ணீரிலும் உதிரிபாகத்திலும் கஞ்சம் பிடிக்காதே; மற்றதைக் கரையில் வை. கனமானவற்றை நடுவில், தாழ்வாக அடுக்கு. அணியத்தில் குவித்தால் படகு அலைமேல் எழாமல் குத்திக் குத்திப் போகும்.

3. பாயைச் சுருக்க வெட்கப்படாதே. சுருக்கலாமா என்று தோன்றினாலே நேரம் கடந்துவிட்டது. அமரம் அகன்ற படகு சாயச் சாயச் சுக்கான் நீரைவிட்டு மேலே வரும். பிடி போனதும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிவிடும். சாய்வை 20 பாகைக்குள் வைத்தால், பாய் குறைந்தாலும் பெரும்பாலும் வேகம் குறையாது. நான் கண்ட நல்ல மாலுமிகள் இருட்டுமுன் ஒரு மடிப்பு சுருக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

4. கண்ணில் படாத இடத்தைக் குனிந்து பார். 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ என்ற பாய்மரப் படகு, அடியில் தொங்கும் கனமான கீல் கழன்று வட அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் போனார்கள். ஆழமான, குறுகிய கீல்தான் இந்தப் படகைக் காற்றுக்கு எதிராக ஏறவைக்கிறது. தரை தட்டினால் அதே கீல் நெம்புகோலாகிப் படகின் உடலை நெரிக்கும். ‘மெதுவாகத்தான் தட்டியது’ என்று சமாதானம் சொல்லாதே. படகைக் கரையேற்றிப் பார். கீல் சேரும் இடத்தில் மயிரிழைக் கீறலோ துருக்கறையோ இருக்கிறதா, உள்ளே போல்ட்டைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார். நாளை நீ விற்கும்போதும், தட்டியதை வாங்குபவரிடம் சொல்லிவிடு. மறைத்தால் போவது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர்.

5. உடன் வருபவரை நினைத்துத் தேர்ந்தெடு. 1973-74இல் நடந்த முதல் விட்பிரெட் உலகச் சுற்றுப் போட்டியில் வென்ற ‘சயூலா 2’, பின்லாந்தில் வரிசைத் தயாரிப்பாகச் செய்த ஸ்வான் 65. ஓட்டியவர் மெக்சிகோவின் ரமோன் கார்லின், குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். தென்கடல் அலை அந்தப் படகைப் புரட்டிப்போட்டது. எழுந்து, தொடர்ந்து ஓடியது. உண்ணவும் உறங்கவும் இடமுள்ள படகும் வெல்லும் என்று அன்று பலர் கண்டார்கள். ஆனால் அந்த வசதி கடலில் உதவ வேண்டும்; ஆகவே துறையில் கட்டியிருக்கும்போது மெத்தையை அமுக்கிப் பார்த்து மயங்காதே. கடலுக்குக் கொண்டுபோகச் சொல். படகு சாய்ந்து ஓடும்போது அடுப்பை மூட்டித் தேநீர் போடு. படுக்கையில் தடுப்புத் துணியைக் கட்டி அரைமணி நேரம் படு. பிறகு விலை பேசு.