சருமத்தின் கருமையை அளக்க எந்த முறையைத் தேர்வது?

மங்கு என்று நம்மவர் சொல்லும் முகக்கருமைக்குச் சில மாதங்கள் களிம்பு பூசிவந்தவருக்கு அது குறைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வதில் தேர்ந்த சரும வைத்தியரும் தடுமாறுகிறார் என்றால், அது அவருடைய அனுபவக் குறைவன்று; மெலனினின் கருமையும், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் செம்மையும், கரோட்டீன் போன்றவற்றின் மஞ்சளும் கலந்து எழுகிற ஒரே தோற்றத்தைத்தான் கண் காண்கிறது. ஆகவே அளவைமுறை ஒன்றைத் தேர்ந்துகொள்ள விரும்புவோர், அதன் விலையையோ எண்களின் நுட்பத்தையோ முதலில் நோக்காமல், இந்தக் கலவையிலிருந்து மெலனினை அது எவ்வளவு தூரம் பிரித்துக் காட்டுகிறது என்பதையே நோக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லோருக்கும் பரிச்சயமான ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு உண்மையில் நிறத்தை அளக்கும் கோலே அன்று. ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் அதை வகுத்தது, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு வந்த வெள்ளையருக்குத் தொடக்கத்தில் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்பதை, வெயிலில் அவர் தோல் கன்றிப்போகுமா, கறுத்துப்போகுமா என்று விசாரித்து நிர்ணயிப்பதற்காகவே. பழுப்பு, கறுப்பு நிறத்தாருக்குரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் சேர்ந்தவை. அந்த ஏணியில் நம் நாட்டார் பெரும்பாலோர் மேற்படிகள் இரண்டு மூன்றுக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருப்பதால், சிகிச்சையின் பலனை அதனால் அளக்க முற்படுவது வீண்.

மங்குக்கென்றே ஏற்பட்ட மாசி குறியீடு அதைவிட மேலானது. நெற்றிக்கும் இரு கன்னங்களுக்கும் தனித்தனியே நூற்றுக்கு 30, மோவாய்க்கு 10 என்று பங்கிட்டு, கருமையின் அழுத்தத்தையும் சீர்மையையும் கூட்டி, பரப்பால் பெருக்கி, 0 முதல் 48 வரை ஓர் எண்ணை அது தருகிறது. மதிப்பிடுவது கண்தான், எனினும் பரப்பைக் கணக்கில் கொள்ளும் இந்தக் குணம், தோலில் ஒரு புள்ளியை மட்டும் தொட்டறியும் கருவிகளுக்கு வாய்க்காதது.

கருவிகளில் முதலாவது, குறித்த சில அலைநீளங்களில் மட்டும் ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதை அளக்கும் வகை. ஜெர்மனியின் மெக்ஸாமீட்டர் 568, 660, 880 நானோமீட்டர் என மூன்று ஒளிகளைக் கொண்டது. மெலனின் சிவப்பொளியையும் ஓரளவு உறிஞ்ச, பிராணவாயு நிறைந்த இரத்தமோ அவ்விடத்தில் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்வதால், 660, 880 ஆகிய இரண்டின் வித்தியாசத்திலிருந்து மெலனின் எண்ணும், 568இன் துணையால் சிவப்பு எண்ணும் பிறக்கின்றன. பயில எளிது, நொடியில் முடியும், களிம்பினால் தோல் சிவந்திருக்கும் நாளிலும் மெலனின் எண் அதிகம் கலங்குவதில்லை. ஆனால் கையைத் தொங்கவிட்டிருப்பவரிடம் தேங்கி நிற்கும் பிராணவாயு குன்றிய இரத்தம் சிவப்பொளியையும் விழுங்கி, இல்லாத கருமையை இருப்பதாகக் காட்டிவிடும். மிகக் கறுத்த தோலில் சிவப்பு எண்ணை நான் நம்புவதில்லை.

இரண்டாவது வகை, நிறமானியும் நிறமாலைமானியும். சர்வதேச ஒளியியல் குழு 1976இல் வகுத்த நிறவெளியில் வெளிர்மையை 'எல்' என்றும், செம்மையை 'ஏ' என்றும், மஞ்சளை 'பி' என்றும் இவை கூறும். எல்லிலிருந்து 50ஐக் கழித்துப் பியால் வகுத்து, அதற்குரிய கோணத்தைக் கண்டால் ஐ.டி.ஏ. கிடைக்கிறது: எல் 56, பி 18 என்றால் ஏறக்குறைய 18 பாகை. 55 பாகைக்கு மேல் மிக வெளுத்த தோல், 10க்கும் 28க்கும் இடையே வெயிலேறிய நிறம், கழித்தல் 30க்குக் கீழே மிகக் கறுத்தது என்று படிகள் உண்டு. பலவகை மனிதரை ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு, நிறத்தைச் சர்வதேச அலகில் சொல்லும் இதனையே நான் தேர்வேன். ஆயினும் சிவந்த தோலில் எல் குறைந்துவிடுமாதலால், எரிச்சலூட்டும் களிம்பைப் பூசியவர் மெலனின் மாறாமலே 'கறுத்துவிட்டவர்' ஆகிவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே மங்கின் சிகிச்சையைத் தொடர்ந்து கவனிப்பதற்கு முதல் வகைக் கருவியைச் சிபாரிசு செய்கிறேன்.

புகைப்படம் அளவையாகாது, சாட்சியாகும். குறுக்குத் துருவமாக்கிய ஒளி, மாறாத தூரம், அருகில் நிறப்பலகை இவை மூன்றும் இருந்தால் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பேசி தானாகவே நிறத்தைத் திருத்திக் காட்டும் படத்தை ஒதுக்கிவிடலாம்.

எதை வாங்கினாலும், பூச்சுகளைத் துடைத்து, நோயாளியைக் கால்மணி நேரம் அமர்த்திவைத்து, முனையை அழுத்தாமல் — அழுத்தினால் இரத்தம் விலகித் தோல் வெளுக்கும் — மும்முறை அளந்து சராசரி காண்க. கறுத்த இடத்தோடு அருகிலுள்ள இயல்பான தோலையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தையே குறித்துக்கொள்வது உத்தமம். கோடையில் இரண்டும் சேர்ந்தே கறுக்கலாமாதலால், தனி எண் ஏமாற்றிவிடும். மறுமுறை அதே இடத்தைக் கண்டுகொள்ள, கண்ணாடித்தாளில் மச்சங்களைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். ஒரு கம்பெனியின் மெலனின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாதாகையால், நோயாளியின் குறிப்பேட்டில் கருவியின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.