வலி சொல்லாத முறிவு



நோயாளி ஒருவரை நலம் விசாரிக்கப் போனால் நாம் முதலில் கேட்பது "வலிக்குதா?" என்பதுதான். "இல்லை" என்று பதில் வந்தால் நம் மனம் ஆறிவிடும். ஆனால் சிலருடைய வாயிலிருந்து வரும் அந்த "இல்லை"யை நம்பி இருந்துவிட்டால் ஆபத்து. முண்ணாண் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் அத்தகையோர். அவர்களுடைய கால் முறிந்தாலும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி செய்ய வேண்டிய வேலையை வீட்டிலுள்ளோரின் கண்ணும் கையும்தான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரை.

முண்ணாணும் என்பும்

முள்ளந்தண்டு என்புகளின் நடுவே செல்லும் நரம்புத் தொகுதியே முண்ணாண் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். மூளையின் கட்டளை அதன் வழியே கீழே இறங்குகிறது; உடலின் உணர்வு அதே வழியே மேலே ஏறுகிறது. மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது விழுவதாலும், மலைச் சரிவில் வழுக்குவதாலும், வீதி விபத்தாலும், மண்சரிவாலும் அது பாதிக்கப்படலாம். பாதிப்பு முழுமையானதாக இருந்தால், அந்த இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போகும்.

என்பு ஒரு உயிருள்ள இழையம். பழைய என்பு கரைவதும் புதிய என்பு படிவதும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கின்றன. நிற்பதும் நடப்பதும் கொடுக்கும் பாரமே புதிய என்பு படியத் தூண்டுகிறது. அந்தப் பாரம் இல்லாத காலில் கரைதல் மிகுந்து, படிதல் குறைகிறது. விபத்து நடந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே முழங்காலைச் சுற்றியுள்ள என்பின் செறிவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறையக்கூடும். ஆகவே தொடையென்பின் கீழ்முனையும் கணைக்கால் என்பின் மேல்முனையுமே அதிகமாக முறிகின்றன.

இதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பாதம் மிதிபலகையில் சிக்கித் திரும்பினால் போதும். லயத்து வாசற்படியில் நாற்காலியை இறக்கும்போது முன்பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும். மடங்க மறுக்கும் முழங்காலை வலிந்து மடக்கினாலும் முறியலாம்.

எப்படி அறிவது?

ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். நேற்று மாலை நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்தார். "எனக்கு ஒன்னுமில்ல, தூக்கி உட்கார வைங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. காலையில் மகள் சாரத்தை விலக்கிப் பார்க்கிறாள். ஒரு முழங்கால் மற்றதைவிடப் பருத்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது.

அந்த மகள் பார்க்க வேண்டியவை இவை: ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு அல்லது கன்றிய நிறம், காலின் வடிவம் மாறியிருத்தல், அசைக்கும்போது நறநறவென்ற ஒலி, வழக்கத்தைவிட அதிகமாகத் தசை இழுத்தல், காரணம் தெரியாத காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நாளத்தில் குருதி உறைந்தாலும் இதேபோன்ற வீக்கம் வரும். எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது.

எனவே வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. முறிந்திருந்தால் என்பு விலகும். குருதி உறைந்திருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். முறிவு நெறிவு வைத்தியரிடம் போகும் வழக்கம் நம் மலைநாட்டில் பரவலாக உண்டு. ஆனால் உணர்வில்லாத காலில் இறுக்கமாகக் கட்டிய மூங்கில் பத்தை தோலை அறுத்தாலும் நோயாளி "இறுக்குது" என்று சொல்ல மாட்டார். ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை காலைத் தலையணைகளுக்கு இடையே அசையாமல் வைத்திருங்கள்.

இன்னுமொரு முக்கிய எச்சரிக்கை. நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முண்ணாண் பாதிக்கப்பட்டவருக்கு, உணராத முறிவு திடீரெனக் குருதியமுக்கத்தை ஏற்றிவிடலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றி வியர்த்தல் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வைத்தியசாலையில் சொல்ல வேண்டியது

"இந்தக் காலில் அவருக்கு உணர்வு இல்லை" என்பதைப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே மாறும். காலைச் சுற்றி முழுதாகப் போடும் இறுக்கமான பிளாஸ்டர், உணர்வற்ற தோலில் அழுத்தப் புண்ணை உண்டாக்கும். அதனால் தடித்த பஞ்சு வைத்த, கழற்றிப் பார்க்கக்கூடிய பத்தை பல வேளைகளில் பயன்படுகிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்து உலோகக் கம்பியோ தகடோ பொருத்துவார்கள். மெலிந்த என்பில் திருகாணி பிடிப்பது கடினம் என்பதால் எது பொருத்தம் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

வீட்டில் கழியும் வாரங்கள்

என்பு கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். சிலருக்கு அதைவிட நீளும். இக்காலத்தில் முறிவைவிடப் பெரிய எதிரி அழுத்தப் புண். லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் நோயாளருக்கான பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன் இந்நோயாளரில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. அது லயக் காம்பராவிலும் செய்யக்கூடியதே. மணிக்கூடும் பொறுமையும் இருந்தால் போதும்.

கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பத்தையின் ஓரங்களையும் விரல்களின் நிறத்தையும் காலையும் மாலையும் பாருங்கள். தெரியாத இடத்தைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். விரல் நீலமானாலோ, குளிர்ந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ உடனே வைத்தியரிடம் போங்கள். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்தவோ பக்கம் சாயவோ நினைவூட்டுங்கள். முறிந்த காலைத் தொங்கவிடாமல் நீட்டித் தாங்கும் பலகை வேண்டும்.

நம் ஊரின் குளிரையும் மறக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். அப்பாவின் கால் சில்லிட்டிருக்கிறதே என்று அன்போடு சுடுநீர்ப் போத்தலை வைப்போம். அடுப்படிக்கு அருகே நாற்காலியைத் தள்ளுவோம். உணர்வில்லாத கால் வெந்து கொப்புளித்த பிறகே நமக்குத் தெரியவரும். உலர்ந்த தடித்த காலுறையும் மடிப்பில்லாத கம்பளியும் போதும். சுடுநீர்ப் போத்தல் வேண்டாம்.

பருப்பு, முட்டை, பால், நெத்தலி, கீரை ஆகியன என்பு கூட உதவும். கல்சியம் மாத்திரையை மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள். முண்ணாண் நோயாளருக்குச் சிறுநீர்த் தொகுதியில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம். புகைப்பழக்கம் என்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

நடக்காத காலுக்கு ஏன் இந்தப் பாடு?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. சில வேளை நோயாளியே கேட்பார். கால் நடக்க மட்டும் உள்ளதல்ல. உட்காரும்போது உடலின் சமநிலையைக் காப்பதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது முட்டுக் கொடுப்பதும் அதுவே. கோணலாகக் கூடிய கால் உடலை ஒருபுறம் சாய்க்கும். சாய்ந்த இடத்தில் புண் வரும். புண் வந்தவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பார். அவருடைய சொந்த நடமாட்டம் அந்தக் காலில்தான் தங்கியிருக்கிறது.

1954ஆம் ஆண்டு, தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் வைத்தியர் மேரி வர்கீஸ் வாகன விபத்தொன்றில் முண்ணாண் பாதிக்கப்பட்டார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தம் உடலைத் தாமே பராமரிக்கப் பழகினார். நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நடக்காத கால்களைப் பேணியதால்தான் அவருடைய கைகளால் இத்தனை வேலை செய்ய முடிந்தது.

மீண்டும் நாற்காலிக்கு

எக்ஸ்ரேயில் என்பு கூடியது உறுதியானபின்தான் பழைய நடைமுறைக்குத் திரும்பலாம். அப்போதும் இயன்மருத்துவர் காட்டித் தந்தபடி மூட்டுகளை மெதுவாக அசைக்க வேண்டும். மாறும்போது பிரேக்கைப் போட்டு, பாதத்தை மிதிபலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்த பிறகே உடலை நகர்த்த வேண்டும். இன்னொரு முறிவு வராதிருக்க மருந்து வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கண்டி மாவட்டத்தில் திகணையிலும், மலையக இரயில் கடந்து செல்லும் ராகமையிலும் அரச புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. அங்கு செல்வதற்கான கடிதத்தைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பராமரிப்பு பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பும் பிள்ளை காலையில் பாடசாலைக்கு எப்படி வருவாள்? ஆண்பிள்ளைகளும் அயலவரும் முறை வைத்துக்கொள்ளட்டும்.

மாணவிகளே, அடுத்த முறை இப்படியொருவரைப் பார்க்கப் போனால் "வலிக்குதா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்றைக்குக் காலைப் பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள்.