ஊர்ப் படங்களும் பெயர்க் குறிப்பும்



பழைய ஊர்ப் படங்களை இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும், இடமும் ஆண்டும் ஆளும் குறிக்கப்படாத படத்தால் வரலாறு விளங்காது.

சிலாங்கூர் மாநிலத்துக் கோல குபுவைக் காண்போம். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து, பெருவெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அவ்விடம் இன்றும் 'அம்பாங் பெச்சா' என வழங்குகிறது. உடைந்த அணை என்பது அதன் பொருள். மீண்டும் எழுந்த ஊரையும் வெள்ளம் விடவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணல் ஆற்றின் அடிமட்டத்தை உயர்த்தியதே அதற்குக் காரணம். ஆகவே, நகரமைப்பாளர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி, 1930ஆம் ஆண்டையொட்டி மேட்டுநிலத்தில் புதிய நகர் உருவாயிற்று. அதுவே கோல குபு பாரு. இனி, 'கோல குபு கடைத்தெரு' என்று மட்டும் எழுதப்பட்ட படம் எந்த ஊரைக் காட்டும்? பழைய தெருவோ மணலுக்கடியில் உள்ளது!

நம் தோட்டங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, பெயரே மறைந்த தோட்டங்களும் பல. திருவிழாப் படத்தில் காவடியேந்தி நிற்பவர் இன்னாரென்று சொல்லவல்ல பாட்டி, தோட்டத்திற்கு ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருப்பர். அவரிடம் படத்தைக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அறியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே குறியுங்கள். ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால், புலனத்தில் அது நூறு கைகள் மாறியபின் திருத்துவார் யார்?

படத்தின் பின்புறம் பேனாவால் எழுதலாகாது. மை முன்புறம் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. சிறிய படமாயின், வருடியில் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என அமைத்துப் படியெடுத்தல் நன்று. புலனத்தில் படமாக அனுப்பினால் தெளிவு குன்றும். ஆவணமாக அனுப்பினால் குன்றாது. (இதனை எனக்குக் கற்பித்தவன் ஆறாம் ஆண்டு மாணவன்.)

படத்திலுள்ளோரின் குடும்பத்தாரிடம் இசைவு பெற்ற பின்னரே வெளியிடுக. தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் பெருமைக்காகவேனும் இணையத்தில் இடவேண்டா. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்கவும் முயலாதீர்கள். படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு நிழலான திண்ணைக்குக் கொண்டுவந்து, ஒளிவிளக்கின்றித் திறன்பேசியால் எடுத்தாலே போதும்.