வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு கடிதம்



மண்டி வைத்திருக்கும் நாமும், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் முன்பெல்லாம் வாரம் ஒருமுறையாவது நேரில் பார்த்துக்கொள்வோம். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்ப்பார். காபி குடித்தபடி ஊர் நிலவரம் பேசுவார். இன்று ஆர்டர் செல்போனில் வருகிறது, சரக்கு லோடு ஆட்டோவில் போகிறது, பணம் வங்கியில் ஏறுகிறது. முகம் பார்க்காத வியாபாரத்தில், கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்துச் சொல்பவர் பக்கம் வாடிக்கை சாய்ந்துவிடும். அப்பா காலத்து வாடிக்கை, மகன் காலத்தில் நம்மை மறந்துவிடுகிறது.

இதற்கு ஓர் எளிய வழி, நம் கடைப் பெயரில் மாதம் ஒரு செய்திக் கடிதம். இது புதிதல்ல. அமெரிக்காவில் உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டீயர் கம்பெனி 1895ஆம் ஆண்டிலேயே 'தி ஃபர்ரோ' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. தன் கருவிகளை மட்டும் புகழாமல், விவசாயத்தை எப்படிச் சிறப்பாகச் செய்யலாம் என்று விவசாயிக்குச் சொன்னது. நூறாண்டு கடந்தும் நிலைத்தது. வாங்குகிறவருக்குப் பயன்படுவதை எழுத வேண்டும் என்பதே நமக்குப் பாடம்.

என்ன எழுதலாம்?

1. சரக்கு வரத்து: கலபுரகிப் பக்கத்துப் புதுத் துவரை தை, மாசியில் வரும். குண்டூர் மிளகாயும் ஈரோடு மஞ்சளும் மாசி, பங்குனியில் வரும். உஞ்சா சீரகம் பங்குனியில் வரும். இந்த ஆண்டு வரத்து எப்படி, ஈரம் எப்படி, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று நாலு வரி எழுதினால், கடைக்காரர் அளவறிந்து கொள்முதல் செய்வார்.

2. வரியும் சட்டமும்: 18.7.2022 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோவுக்கு உட்பட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையைப் பிரித்து எடை போட்டு விற்பதற்கும் வரி உண்டோ என்று சிறு கடைக்காரர்கள் குழம்பினார்கள். அதற்கு வரி இல்லை. 22.9.2025 முதல் நெய், வெண்ணெய்க்கு 12லிருந்து 5 சதவீதமாகவும், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் தெளிவாக எடுத்துச் சொல்லும் மண்டியைக் கடைக்காரர் மறக்கமாட்டார்.

3. சரக்குப் பாதுகாப்பு: மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவது; பழையதை முதலில் விற்பது; டீத்தூள் அருகே சோப்பும் ஊதுவத்தியும் வைக்காமல் இருப்பது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் மழைக்காலம் தொடங்குமுன் நினைவூட்டினால் ஒரு மூட்டையாவது தப்பும்.

4. விசேஷ நாட்கள்: ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, கார்த்திகைக்கு அவல், வெல்லம், பொங்கலுக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு. எந்தத் தேதிக்குள் ஆர்டர் தந்தால் தட்டில்லாமல் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

என்ன எழுதக் கூடாது?

தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்குக் கடிதத்தைப் பயன்படுத்தவே கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு மண்டிக்காரர், பழைய கடலைப்பருப்பைப் 'புது வரவு' என்று எழுதினார். மூட்டையைப் பிரித்தால் வண்டு. அதன்பின் அவர் கடிதம் பொட்டலம் மடிக்கத்தான் பயன்பட்டது.

விலை ஏறும், இறங்கும் என்று ஜோசியம் சொல்லவும் வேண்டாம். நம் பேச்சை நம்பி ஒருவர் கடன் வாங்கிச் சரக்கு அடுக்கி, விலை சரிந்தால் அந்தப் பழி நம்மேல்தான் விழும். பாக்கி கேட்பதும் இதில் கூடாது. அதற்குப் பேரேடும் வசூல்காரரும் இருக்கிறார்கள். வசூல் வாடை அடிக்கும் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள்.

எப்படி நடத்துவது?

ஒரு தாள், இரண்டு பக்கம், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து போதும். மாதம் 5ஆம் தேதி என்றால் 5ஆம் தேதியே போக வேண்டும். சரக்கோடு பில்லுடன் சேர்த்து அனுப்பினால் தபால் செலவும் இல்லை. தினசரி விலையை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அது மறுநாளே பழசாகிவிடும். வைத்துப் பார்க்க வேண்டியதைத் தாளில் தருவோம். மூலையில் துளை போட்டுக் கொடுத்தால் கல்லாப்பெட்டி அருகே ஆணியில் தொங்கும்.

கடிதத்தின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். "இந்த மாதம் உங்கள் கடையில் கேட்டு, இல்லாமல் போன சரக்கு எது?" என்ற ஒரே கேள்வி போதும். லோடு ஆட்டோக்காரர் அதை வாங்கி வரட்டும். நாம் என்ன கொள்முதல் செய்ய வேண்டும் என்பதை வாடிக்கையாளரே எழுதித் தந்துவிடுவார். கேட்ட சரக்கை அடுத்த மாதம் வரவழைத்து, கடிதத்திலும் தெரிவித்தால், சொன்னதைக் காதில் வாங்குகிறார்கள் என்ற நம்பிக்கை பிறக்கும்.

சில்லறைக் கடைக்காரர்களும் தம் தெருவில் உள்ள வீடுகளுக்கு அரைத்தாளில் இதைச் செய்யலாம். மாதச் சாமான் பட்டியலோடு, புதிதாக வந்த சரக்கைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் போதும்.

முதல் இரண்டு மூன்று மாதம் யாரும் கண்டுகொள்ளாதது போலத் தோன்றும். நிறுத்திவிடாதீர்கள். கடிதம் ஒருநாள் தாமதமானால், "இந்த மாதம் இன்னும் வரவில்லையே?" என்று ஒரு கடைக்காரர் போன் செய்வார். அன்றைக்கு நம் வாடிக்கை கெட்டிப்பட்டது என்று அறிந்துகொள்ளலாம்.